ஆணி அடித்த சாயங்காலம்

ரஜிதா டீச்சரின் பாலர் வகுப்பில் ஆண், பெண் என்ற பேதமே கிடையாது. அந்த ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எல்லோரும் 'ஹீ'தான். அப்பா ஹீ, அம்மா ஹீ, கேன்டீன் அக்காவும் ஹீ. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மலாய்க் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். மலாயில் அவனுக்கும் அவளுக்கும் 'டியா' ஒன்றே போதும். இதில் மரியாதை தெரிந்த பிள்ளைகள் தனி ரகம். வீட்டில் அம்மாவை 'அவங்க' என்று சொல்லிப் பழகியவர்கள், இங்கிலீஷிலும் விட்டுக்கொடுக்காமல் 'தே' என்பார்கள். அம்மா ஒருத்திதானே என்று கேட்டால், டீச்சருக்கே மரியாதை தெரியவில்லையே என்பதுபோல் பார்ப்பார்கள்.

பள்ளி மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே இருந்தது. பெயர் மட்டும் பழைய ரப்பர்த் தோட்டத்துப் பெயர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். பயிற்சி ஒன்றில் காட்டிய வீடியோவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆட்காட்டி விரலை நீட்டி நீட்டி ஹீ, ஷீ சொன்னார்கள். இங்கே பெரியவர்களை அப்படிக் காட்டினால் வீட்டில் அடி விழும். அதனால் ரஜிதா நாலு விரலையும் மடக்கிக்கொண்டு, கட்டை விரலால் பணிவாகக் காட்டச் சொல்லிக்கொடுத்தாள்.

அவளுக்குச் சொந்த ஊர் பாகான் செராய். கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்த பிறகு, போன வருடம்தான் ஹரிஷாந்தைக் கட்டிக்கொண்டு ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்கு வந்தாள். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். முதல் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். மகள் கிருஷாந்திக்கு ஆறு வயது ஆனதும், கூட்டிப்போகவும் கூட்டிவரவும் வசதி என்று ரஜிதாவின் வகுப்பிலேயே சேர்த்தார்கள்.

அங்கேதான் வினை பிடித்தது. வகுப்பில் 'டீச்சர்' என்று கூப்பிட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்தும் 'டீச்சர்' என்றாள். டீச்சர், பால் வேணும். டீச்சர், தலை சீவி விடுங்க. ஒரு தடவை ஹரிஷாந் அதட்டினார். அவளை விட்டுவிடுங்கள் என்று ரஜிதாதான் தடுத்தாள். பெருந்தன்மையாகத் தடுத்துவிட்டாளே தவிர, அம்மா என்று ஒருமுறை கூப்பிட மாட்டாளா என்று அவள் ஏங்கினாள். வெளியே சொன்னால் வெட்கம் என்று சொல்லவில்லை.

ஒருநாள் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து ஒரே ஒருவருடைய புகைப்படம் கொண்டுவந்து, அது யாரென்று முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றாள். பாடம் நல்ல பாடம்தான். ஆனால் அன்று ராத்திரி, தான் மட்டும் தனியாக இருந்த ஒரு கல்யாணப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் 'மறந்து' வைத்துவிட்டுப் போனதற்குப் பாடத்தைக் காரணம் சொல்ல முடியாது. காலையில் படம் வைத்த இடத்திலேயே இருந்தது.

வகுப்பில் கிருஷாந்தியின் முறை வந்தது. புத்தகப்பையின் அடியிலிருந்து, மூலை மடங்கிய ஒரு படத்தை எடுத்தாள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், கண் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வீடு பார்க்க வந்தபோது ரஜிதா ஹாலில் பார்த்த படம் அது. கல்யாணத்துக்கு முன்பே அதைக் கழற்றி, பாரிட் புந்தாரில் இருக்கும் முதல் மனைவியின் அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாக ஹரிஷாந் சொல்லியிருந்தார். புது மனைவி மனம் நோகக் கூடாதாம். கொடுத்தது படச்சட்டத்தை மட்டும்தான் போலிருக்கிறது.

"ஷீ இஸ் மை மதர்," என்றாள் கிருஷாந்தி. தடுமாற்றமே இல்லை.

முன்வரிசையில் இருந்த தனேஷ் எழுந்துவிட்டான். "இல்லலா. ஒன் அம்மா நம்ம டீச்சர்தானே. எங்கம்மா சொன்னாங்க."

கிருஷாந்தி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரஜிதாவைப் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையின் பார்வை. இனி படம் தன்னிடம் இருக்காது என்று அவள் முடிவே கட்டிவிட்டது தெரிந்தது.

தனேஷ் சொன்னது ரஜிதாவுக்கு இனித்தது. அதை மறைப்பதற்கில்லை. பேசாமல் இருந்தாலே போதும், வகுப்பு முழுவதும் அவன் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் படத்தைக் காட்டினாள்.

"கிருஷாந்தி சொன்னதுதான் சரி. இவங்கதான் அவ அம்மா. பேரு சுதர்ஷினி. எல்லாரும் சொல்லுங்க, ஷீ இஸ் ஹெர் மதர்."

பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள். ரஜிதாவும் சேர்ந்து சொன்னாள். தன் கையாலேயே தன் ஆசைக்குக் கதவைச் சாத்திவிட்டோம் என்று நினைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிலிபினில் ஒரு கடை முன்னால் காரை நிறுத்தி, ஒரு சட்டமும் ஆணியும் வாங்கினாள். எதற்கென்று புரிந்ததும் பிள்ளை பயந்துபோனாள்.

"அப்பா ஏசுவாரா, டீச்சர்?"

"ஏசட்டும்."

ஹால் சுவரில் முதல் ஆணி வளைந்து தெறித்தது. இன்னும் மேலே, இன்னும் இந்தப் பக்கம் என்று கிருஷாந்தி மேஸ்திரிபோல் அதிகாரம் செய்தாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு பேசி ரஜிதா கேட்டதில்லை.

சாயங்காலம் ஹரிஷாந் வந்தார். ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றியவர், மற்றதைக் கழற்ற மறந்து சுவரையே பார்த்தார். முகம் கறுத்தது.

"யாரு இத மாட்டுனது?"

அடுப்படியில் இருந்த ரஜிதா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹாலிலிருந்து பதில் வந்துவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும்தான், அப்பா. டீச்சர் ஆணி அடிச்சாங்க, நான் புடிச்சிக்கிட்டேன்."

ரஜிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கிருஷாந்தியின் பக்கத்தில் நின்றாள். ஏச்சு விழுந்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே விழட்டும் என்றிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.