தட்டில் ஒட்டிய எரிமலை

சூளை திறந்த அன்று அங்கே இருந்தது நான்கே பேர். சூளைக்காரர் பாய், என்னோடு அச்சில் களிமண் கரைசல் ஊற்றும் கம்மாபுரத்துக்காரி, பள்ளிக்கூடத்துக்கு எரிமலை மாதிரி கேட்டிருந்த பூகோள டீச்சர், நான்.

டீச்சர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

வருஷக் கணக்காகக் கூலிக்குக் கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் செய்தவள் நான். சொந்தமாக எடுத்த முதல் ஆர்டர் இது. மாதிரிக்கு ஆறு எரிமலை. பிடித்திருந்தால் இன்னும் நாற்பது. இல்லையென்றால் பழைய முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும்.

டீச்சர் ஒரு படம் கொடுத்திருந்தார். மலை உச்சியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிகிறது. எவ்வளவு வழிய வேண்டும்? நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று கேட்கவில்லை. குறைவாகத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் செங்காவி கிளேஸை மூன்று தடவை பூசினேன். சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு அது. அடியில் ஒரு விரல் அகலம் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பொருள் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருஷமாகத் துடைத்த கை அன்றைக்குத் துடைக்கவில்லை.

பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மலை பூரா ஓடி என் தட்டுல குளம் கட்டிக்கிச்சு!"

இரண்டு தட்டு, தட்டுக்கு மூன்றாக ஆறும் ஒட்டியிருந்தன. பாய் உளி வைத்துத் தட்டினார். முதல் மூன்றும் அடி பெயர்ந்து உடைந்தன, தட்டும் இரண்டாகப் பிளந்தது.

"தட்டாதீங்க பாய்!" டீச்சர்தான். குனிந்து, அடுத்த தட்டில் பரவியிருந்த கிளேஸைத் தடவினார். "அக்கா, இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல டீச்சர். தப்பாயிடுச்சுங்க."

"தப்பா? நெஜத்துல இப்புடித்தாங்க்கா ஓடும். அடியில பாறை உருகி, சுத்தி இருக்கற பாறைய விட லேசா இருக்கறதால மேல ஏறுது. அதுக்குள்ள வாயு கரைஞ்சு கெடக்கும், சோடா பாட்டில் கணக்கா. கொழம்பு கெட்டியா இருந்தா வாயு வெளிய வர முடியாம வெடிச்சிடும். தண்ணியா இருந்தா இந்த மாதிரி வழியும். ஆறுனா பாறை. கடல்ல போயி விழுந்தா புதுசா கரையே உண்டாவும்."

"சாம்பலு?" என்றேன். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அதுவும் படிஞ்சு படிஞ்சு மலைய ஒசத்தும். நாளாவ நாளாவ நல்ல மண்ணாயிடும். வெளைச்சல் அள்ளும். அதான் தெரிஞ்சே அடிவாரத்துல வூடு கட்டி இருக்காங்க."

"தூக்கம் வருமா அவங்களுக்கு?"

"உன்ன மாதிரியா எல்லாரும்?" என்றாள் கம்மாபுரத்துக்காரி. "நீ கவலப்படாத எடத்த சுரங்கம் தோண்டித்தான் கண்டுபுடிக்கணும்."

சுரங்கம் என்றதும் எங்கள் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் நினைவுக்கு வந்து எனக்கு அடுத்த கவலை. "இவ்ளோ ஆழமா தோண்டுறாங்களே டீச்சர், பொத்துக்கிட்டு வந்துடாதுங்களா?"

டீச்சர் சிரித்தார். "அது இன்னும் எவ்ளோவோ கீழங்க்கா. நம்ம பக்கம் அந்த பயம் இல்ல."

"எங்க நெலம் போறதுக்கு எரிமலை எதுக்கு, சுரங்கத்துக்கு நெலம் எடுக்கற நோட்டீசு போதும்," என்றாள் கம்மாபுரத்துக்காரி. பாய்கூடச் சிரித்துவிட்டார்.

பாய் அந்தத் தட்டை எரிமலையைச் சுற்றி மெஷினால் அறுத்துக் கொடுத்தார். டீச்சர் ஒன்றை அப்படியே மடியில் வைத்து ஆட்டோவில் ஏறினார். "நாப்பதும் இப்புடியே வேணுங்க்கா. அடியில நீங்களே களிமண்ணுல ஒரு பலகை செஞ்சு வெச்சிடுங்க, அது மேல ஓடட்டும்."

ஆட்டோ கிளம்புவதற்குள் ஓடிப்போய்க் கேட்டேன். "எவ்ளோ தூரம் ஓடணும் டீச்சர்?"

"ஒரு சாண்," என்றார். அவ்வளவுதான். கேட்டதற்கு யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பதும் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது இன்னொரு பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வீணான பாயின் இரண்டு தட்டுக்கு நான் தர வேண்டியது ஆயிரத்து நானூறு. அறுநூறு கொடுத்தேன். இன்னும் எண்ணூறு ரூபாய் பாக்கி.