சாட்சி சொன்ன பிறகு

என் கணவருக்குச் சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவி, வழக்கமான மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகுதான் திருவனந்தபுரத்தில் அந்தச் சோதனைச் சிகிச்சைக்குப் போனோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவார்கள். இரண்டையும் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை, குணமாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தக்கலையில் பெயின்ட் கடை வைத்திருந்த இவர், புது நிறம் கலந்து பார்ப்பதுபோலத்தான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "தூண்டிவிட்ட சக்தி கட்டியோட நிக்காது, சில நேரம் குடலையும் தாக்கும். வயிறு போச்சுன்னா அன்னைக்கே கூப்பிடணும். உடனே மருந்து கொடுத்தா அடக்கிடலாம். தாமதிச்சா உயிருக்கே ஆபத்து." இருவரும் தலையாட்டினோம்.

முதல் ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன. சுருங்கியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் எங்கள் சபையில், நோயிலிருந்து மீண்டவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். "கொஞ்சம் பொறுங்க, முழுசாத் தெரியட்டும்" என்றேன்.

"நன்றி சொல்லதுக்கு நாள் பாக்கணுமாடீ?" என்று கேட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய், ஆண்டவர் என்னைப் பூரண சுகமாக்கினார் என்று மைக்கில் சொன்னார். சபை முழுவதும் அல்லேலூயா. அடுத்த வாரமே நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு இவரை ஜெபிக்கக் கூட்டிப்போனார்கள். பெயின்ட் டப்பாவைத் தவிர எதையும் தொட்டு விளங்க வைக்காத மனிதர், ஊரார் தலையிலெல்லாம் கைவைத்துவிட்டு வந்தார்.

பிறகு சாப்பாடு குறைந்தது. கேட்டால் பசியில்லை என்பார். குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். குளிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு காலையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கூப்பிட்டும் பதிலில்லை. கதவைத் தள்ளித் திறந்தால் தரையில் கிடந்தார். சுற்றிலும் ரத்தம் கலந்த கழிவு.

"எப்ப இருந்து இப்பிடி?"

"கொஞ்ச நாளாச்சு."

"எதுக்கு மறச்சீங்க?"

"சாட்சி சொன்ன மனுசன் வயித்தப் புடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா சபையில என்ன நெனப்பாவ? கர்த்தருக்குல்லா அவமானம்."

அந்த நிலையிலும் அவரை அறைய வேண்டும்போல இருந்தது. கழுவிவிட்டு, வேறு வேட்டி கட்டிவிட்டு, காரில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனேன்.

குடலில் ஓட்டை விழுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குள் விஷம் உடம்பெங்கும் ஏறிவிட்டது. "முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே" என்ற டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கியிருந்தது. புதிதாக எடுத்த ஸ்கேனில் நுரையீரல் கட்டிகள் இன்னும் சுருங்கியிருப்பதாகச் சொன்னார். மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இவருக்கு நினைவு திரும்பியபோது அதைச் சொன்னேன். முகம் தெளிந்தது.

"அப்போ நான் சபையில சொன்னது பொய்யில்ல, இல்லியா?" என்று கேட்டார்.

பிழைப்பேனா என்று கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

"பொய்யில்ல" என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் உயிர் போயிற்று.