அவள் வரைபடத்தில் இருந்த மேடு

என் ஆராய்ச்சித் தோழிக்கு நான் செய்தது பச்சைத் துரோகம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் சாம்பிள் செய்து அளப்பாள், நான் கணக்குப் போடுவேன். எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துப் போகவேண்டிய, நூலைவிடப் பல மடங்கு குறுகலான பாதைதான் அந்த சாம்பிள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினால் மின்கடத்தல் சரிவாக ஏறாது, மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாகத் தாவும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகின்றன என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு அப்படித்தான் சொன்னது. அவள் அளந்த கோடோ முதல் படியின் பாதி உயரத்தில் சற்று நின்று, சமமாகி, பிறகு ஏறியது. முக்கால் உயரத்தை ஒட்டி இப்படி ஒரு மேடு வருவதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் படித்திருந்தேன். பாதியிலா? பெரிய மேதாவி என்ற நினைப்பு எனக்கு. "உன் சாம்பிள்ல அழுக்கு இருக்குது" என்றேன்.

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள் நான். சேலையில் பூ கோணினால் எங்கள் வீட்டில் தறியில் மாட்டுகிற டிசைன் அட்டையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நெய்தவரைத்தான் திட்டுவார்கள். என் கணக்கையும் நான் அந்த அட்டை மாதிரியே நம்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் புதிது புதிதாக சாம்பிள் செய்தாள். ஒவ்வொன்றிலும் அதே மேடு. கடைசியில் மனசு விட்டுப்போய், கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள்.

போன மாதம் வீட்டில் உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதையும் முதல்முறையாகக் கணக்கில் சேர்த்தேன். அவள் செய்த பாதை நீளமானது, அதில் எலக்ட்ரான்களும் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் அந்தத் தள்ளல்தான் பெரிதாகிவிடுகிறது. திரையில் மேடு வந்தது, சரியாகப் பாதி உயரத்தில். அவள் எப்போதோ கொடுத்திருந்த வரைபடத்தைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கண்ணமங்கலம் போனேன். இடைவேளையில் பள்ளி வராந்தாவில் அவளிடம் அவளுடைய பழைய வரைபடத்தையும் என் புது வரைபடத்தையும் நீட்டினேன்.

"தப்பு என்னுதுடி. நீ அளந்தது சரி."

இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"திரும்ப வந்துடு. கைடுகிட்ட பேசிட்டேன். மிச்ச சாம்பிளையும் சேர்த்துப் போட்டா உன் பேர்லயே கட்டுரை வரும்."

"மிச்சம் ஏது? எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன். அளந்த ஃபைலையும் அழிச்சிட்டேன். அழுக்குன்னு நீதான சொல்லிகினு இருந்த."

எனக்கு ஆத்திரம் வந்தது, அவள்மேல்கூட. "ஒரு வாட்டியாவது எங்கூட சண்டை போட்டிருக்கலாமில்ல?"

"எத்தினி வாட்டி அளந்தாலும் அதேதான் வந்துச்சு. என் அளவு மேல எனக்கு சந்தேகமே இல்ல" என்றாள். "ஆனா அதவிட உன்ன நம்புனேன், அவ்ளோதான்."

மணி அடித்தது. காகிதங்களை என் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.