ஏழாம் நம்பருக்கு ஒரு சாட்சி

காலை ஆறு பத்துக்கு வண்டி திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பியது. மதுரைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்பது அணா. தூரம் நாற்பது மைல் சொச்சம். பூட்டு விற்கும் ஏஜெண்டான நான் இந்தத் தடத்தில் மாதம் இரண்டு தடவையாவது போய்வருகிறவன். சோழவந்தானில் வெற்றிலைக் கட்டு ஏற்றுவதை அலுக்காமல் பார்ப்பேன். அன்றைக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை. சட்டைப் பையில் இருந்த தபால் கார்டை எடுப்பதும் படிப்பதும் மறுபடி வைப்பதுமாகவே வந்தேன்.

கார்டு மேலூரிலிருந்து வந்தது. என் மூத்த மகள் காமாட்சியைத் தம் மகனுக்குப் பெண் கேட்டிருந்த நெல் மண்டிக்காரர் பெரியகருப்பன் எழுதியிருந்தார்: "தாங்கள் சொன்ன ஹோட்டலில் விசாரித்தோம். ஹோட்டல்காரர் அப்படி ஒருவரைத் தெரியவே தெரியாது என்கிறார். வருகிற புதன்கிழமைக்குள் சரியான ஆளோடு வந்தால் பேசலாம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்." நான் ரயிலில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் அந்தப் புதன்கிழமை.

மாதத்தில் இருபத்தைந்து நாள் ஊர் சுற்றுகிறவனைப் பற்றி அவன் தெருவில் விசாரித்து என்ன பிரயோசனம்? பக்கத்து வீட்டுக்காரருக்கே என் முகம் சந்தேகம். ஏஜெண்டு வீட்டில் சம்பந்தம் செய்கிறவர்கள் அவன் தங்கும் இடத்தில்தான் போய் விசாரிப்பார்கள். குடிக்கிறானா, சீட்டாடுகிறானா என்பதெல்லாம் அங்கேதானே தெரியும். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மதுரை முத்தையா ஹோட்டலைக் கைகாட்டியிருந்தேன். பதினொரு வருஷமாகத் தங்குகிற இடம். அந்த முத்தையா என்னைத் தெரியாது என்றாரா? நான் என்ன பாவம் செய்தேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மதுரைக்கு வராதவர்களுக்காக அந்த ஹோட்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை, மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. பதினொரு அறைகள், பின்கட்டில் ஒரு கிணறு. கயிற்றுக் கட்டிலோடு அறை ஒரு நாளைக்கு ஆறு அணா. மீனாட்சியைக் கும்பிட வருகிறவர்கள், கோர்ட்டுக்கு அலைகிறவர்கள், என்னைப் போன்ற ஏஜெண்டுகள் என்று எந்நேரமும் கலகலவென்று இருக்கும். மூட்டைப்பூச்சி உண்டு. இருந்தாலும் வந்தவர்கள் அடுத்த முறையும் அங்கேதான் வருவார்கள்.

எட்டரை மணிக்கு அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். வாசலில் பலகையைக் காணோம். கதவில் பூட்டு தொங்கியது. நானே முத்தையாவுக்கு விற்ற ஏழு லீவர் பூட்டு. ஆட்டிப் பார்த்தேன், நல்ல சரக்கு, அசையவில்லை.

எதிரே வெற்றிலைக் கடைக்காரரைக் கேட்டேன்.

"அதை வித்துப்பிட்டாரே. எட்டு நாளாச்சு," என்றார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் குறுக்கிட்டார். "விக்கல அண்ணே. மேலூர்ல கல்லு கான்ட்ராக்ட்டு எடுத்திருக்காரு."

"யாரு சொன்னா? மனுசன் ஒடம்பு முடியாம ஊருக்குப் போயிட்டாரு," என்றார் குதிரைவண்டிக்காரர். எந்த ஊர் என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று திக்கைக் காட்டினார்கள். மேலூருக்குப் போவதா, இங்கேயே நிற்பதா, பேசாமல் திண்டுக்கல்லுக்கே திரும்பிவிடுவதா? கிறுக்குப் பிடித்தவன் போல் சந்துக்குள்ளேயே நடந்தேன். கடைசியில் வண்டிக்காரருக்குத்தான் என்னைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. "கட்டிலையெல்லாம் ஏத்திக்கிட்டுப் பசுமலைப் பக்கம் போனதப் பாத்தேன். ஏறுங்க, கேட்டுப் பாப்பம்," என்றார். மூன்று மைலுக்கு ஐந்து அணா பேசினோம்.

பசுமலையில் ஆளைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் பதினொரு கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் தரையில் துண்டை விரித்து முத்தையா உட்கார்ந்திருந்தார். அது அவருடைய தம்பி வீடு. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க ஏழு. இங்கிட்டு எப்படி வந்தீக?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்கண்ணே. மேலூர்க்காரங்க வந்து கேட்டதுக்கு என்னயத் தெரியாதுன்னுட்டீகளாமே. எம்மக வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டீக."

"நானா? மேலூர்லருந்து ரெண்டு பேரு வந்தாக, நெசம். கட்டில வண்டியில ஏத்திக்கிட்டு நின்னேன். திண்டுக்கல் ராமலிங்கம்னு ஒருத்தரக் கேட்டாக. அப்படி ஆரும் நம்ம கடைக்கு வந்ததில்லன்னேன்."

"நாந்தாண்ணே ராமலிங்கம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஏழுல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முத்தையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்க வருகிற நாங்களே நோட்டில் பேரெழுதிக்கொள்வோம். அவர் எல்லாரையும் அறை நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வாடிக்கைக்காரர்களுக்கு எப்போதும் ஒரே அறைதான், எனக்கு ஏழு. பதினொரு வருஷம் "வாங்க ஏழு" என்று கேட்டுக் கேட்டு, என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததே முட்டாள்தனம்.

பதினொரு மணிக்கு அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு மேலூர் பஸ் ஏறினேன். பதினெட்டு மைல், ஆளுக்கு ஐந்தரை அணா. வைகையில் மணல்தான் ஓடியது. ஒத்தக்கடை தாண்டி யானைமலை கூடவே வந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள். ஹோட்டலை ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். கட்டடச் சொந்தக்காரரின் மகன் ஜவுளிக்கடை வைக்கப் போகிறாராம். பதினைந்து நாள் தவணை கொடுத்துக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

"அது கெடக்கட்டும்," என்றார் முத்தையா. "நாலாம் நம்பரு பங்குனியில கேஸுக்கு வருவாரு. ரெண்டு, சித்திரைக்குக் குடும்பத்தோட வரும். கட மூடியாச்சுன்னு ஒரு தபால் போடணும். எந்தப் பேருக்குப் போட? நோட்டுல இருக்கிறதுல எது ஆரு பேருன்னு எனக்குத் தெரியலயே." சொல்லிவிட்டு, விட்டுப்போன நம்பர்களை விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பெரியகருப்பனின் மண்டி மேலூர் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. போய்ச் சேர மணி ஒன்று. மோர் கொடுத்தார்; ஆனால் முகம் கொடுக்கவில்லை. முத்தையா நடந்ததைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி, ஆளு எப்படி?" என்றார் பெரியகருப்பன்.

"மூக்குப்பொடி உண்டு. இட்டிலி ஆறிப்போயிருந்தா மொகத்தச் சுளிப்பாரு. மத்தபடி தங்கம். ஒரு மழைக்காலத்துல எட்டாம் நம்பர்ல பாலக்காட்டு ஆளு ஒருத்தரு காய்ச்சல்ல கெடந்தாரு. சாதி சனம் கெடையாது, பேச்சும் வெளங்கல. ஏழாம் நம்பரு வேவாரத்தப் போட்டுட்டு மூணு நாள் கூட ஒக்காந்து கஞ்சி ஊத்துனாரு. நாங்கூடக் கிட்டப் போகல."

நான் திடுக்கிட்டுப் போனேன். அது நான் இல்லை. அந்த மழையில் நான் ராமநாதபுரத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். நான் இல்லாத நாட்களில் முத்தையா ஏழாம் அறையை மற்றவர்களுக்கும் விடுவார். அது யாரோ ஊதுவத்தி ஏஜெண்டு செய்த காரியம் என்று பிறகு கேள்விப்பட்டிருக்கிறேன். நானாக இருந்தால் அன்றே வேறு அறை கேட்டிருப்பேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெரியகருப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எந்தம்பி கண்டித் தேயிலைத் தோட்டத்துல காய்ச்சல்ல செத்தான். ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல," என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "ஒங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில், "அண்ணே, அந்தக் காய்ச்சக்காரரப் பாத்துக்கிட்டது நாந்தானா?" என்று கேட்டேன். "ஏழுதான். எனக்கா தெரியாது?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒத்தக்கடை வருவதற்குள் எனக்கே குழம்பிவிட்டது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. முத்தையா வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மதுரையில் எங்கெங்கோ தங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாரும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இடந்தான் ஒட்டவில்லை.

போன ஐப்பசியில் சம்பந்திக்குக் கடுங்காய்ச்சல். மேலூரிலிருந்து ஆள் வந்தது. "வீட்டுல அம்புட்டுப் பேரு இருந்தும் ஒங்க சம்பந்தி நீங்கதான் வரணும்ங்கிறாரு." சரக்குப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். இரண்டு நாள் அவர் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கஞ்சி ஊற்றினேன், வாந்தியை அள்ளினேன். எனக்கு இதெல்லாம் வரும் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. பெரியகருப்பன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, அந்தப் பாலக்காட்டு ஆளு பொழச்சாரா?"

"தெரியலயே," என்றேன்.