பெய்ரூட்டில் சாகாத வெள்ளைத்தாய்

மகாராஜபுரம் வெள்ளைத்தாய்க்கு இப்போது அறுபத்து மூன்று வயது தாண்டிவிட்டது. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. இடது புருவத்துக்கு மேல் ஒன்பது தையல் போட்ட தழும்பு மட்டும் உண்டு. அவளுடைய கருமாதிச் சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். சாம்பாரில் உப்பு கூடுதல். இதை எழுதும்போதே கோபம் வருகிறது, என் மேலும் சேர்த்துத்தான்.

நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நோயாளிகளைப் பராமரிக்கும் ஆறு மாதப் பயிற்சியை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முடித்தவர்கள். அவள் முப்பது வயதில் தாலி இழந்தவள். பிள்ளை கிடையாது. தம்பி சோலைச்சாமி அப்போது ராணுவத்தில் இருந்தான். வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே வேலையாக்கிக்கொண்டாள். குவைத்தில் ஆறு வருடம் இருந்தாள். அந்த ஊர் எப்படி என்று கேட்டால், "ஏசி. ரோடு. பொறவு ஏசி" என்பாள். அந்த ஆறு வருட உழைப்பில் மகாராஜபுரத்தில் மண்சுவரை இடித்துவிட்டுத் தன் பேரில் தளம் போட்ட வீடு கட்டினாள். சோலைச்சாமி ஓய்வு பெற்று வந்து மனைவி கனகலட்சுமி, மகள் வெங்கடேஸ்வரியோடு அதில் குடியேறினான். அதில் தப்பில்லை. அவளே கூப்பிட்டு வைத்ததுதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் லெபனான் நாட்டுத் தலைநகர் பெய்ரூட்டுக்குப் போனாள். ஒடெட் என்ற எண்பது வயது அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்தவர். எண்பத்தைந்து கிலோ எடை.

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் அந்த ஊரைப் பற்றித்தான் பேச்சு. "ஞானம், இங்க நம்ம ஊர் மாதிரியே முதுகுக்குப் பின்னால மலை இருக்கு. ஆனா கிழக்கால இருக்கு. பொழுது கடலுக்குள்ள விழுது. ஒரு மாசம் எனக்குத் திக்கே தெரியல." மலையில் பனி கிடக்க, கீழே கடலில் ஆட்கள் குளிப்பார்களாம். நூறு படிக்கு மேல் உள்ள தெரு ஒன்று உண்டாம், தெருவே படிக்கட்டுதானாம். கரண்டு ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான். மிச்ச நேரத்துக்குத் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர்காரன். வீட்டுச் சுவர்களில் பழைய சண்டையின் குண்டு ஓட்டைகளை அப்படியே விட்டுவைத்து, பக்கத்திலேயே பூந்தொட்டி மாட்டியிருப்பார்களாம்.

ஒடெட் அம்மாள் படியிறங்க முடியாதவர். பால்கனியில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி நீட்டி அவளுக்கு ஊரைக் காட்டினார். அதோ அந்தப் பக்கம் ரோமானியர் காலத்தில் சட்டம் படிக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்த பள்ளி இருந்தது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் பூமி குலுங்கி, கடல் பின்வாங்கித் திரும்பி வந்து, எல்லாம் போயிற்று. அதற்கப்புறம் யார் யாரோ பிடித்தார்கள், விட்டார்கள். எழுபத்தைந்திலிருந்து பதினைந்து வருடம் ஊருக்குள்ளேயே சண்டை. ஊரை இரண்டாகப் பிரித்த சாலையில் ஆள் நடமாட்டமில்லாமல் செடி முளைத்துக் காடாகிவிட்டதாம். பத்தாம் வகுப்பு தாண்டாத வெள்ளைத்தாய் இதையெல்லாம் கேட்டு எனக்குச் சொன்னாள். ஊரில் மற்றவர்கள் அவளிடம் கேட்டது, "அங்க தங்கம் விலை எப்படி?"

இரண்டாயிரத்து இருபது ஆகஸ்ட் நான்காம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பெய்ரூட் துறைமுகத்தில் புகை எழும்பியது. ஒரு சத்தம் கேட்டது. தெருவில் எல்லாரும் சன்னலுக்கு ஓடினார்கள். வெள்ளைத்தாயும் ஓடப்போனாள். ஒடெட் அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்து, நடைக்குள் போ என்று கத்தினார். சண்டைக் காலத்தில் பிழைத்துக் கிடந்தவர்களின் பழக்கம் அது. முதல் சத்தம் கேட்டதும் கண்ணாடி இல்லாத இடத்துக்குப் போய்விட வேண்டும், வேடிக்கை பார்க்கக்கூடாது. இருவரும் சன்னல் இல்லாத நடைக்குள் நுழையவும் இரண்டாவது வெடிப்பு வரவும் சரியாக இருந்தது. பால்கனி போயிற்று. கதவு பறந்து வந்து வெள்ளைத்தாயின் நெற்றியில் அடித்தது. போன் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியே உடைந்து கிடந்த ஊரில் ஒரு கார் நிறுத்தும் இடத்தில் வைத்து அவளுக்குத் தையல் போட்டார்கள். பிறகு மலையில் ஒடெட் அம்மாளின் உறவினர் வீட்டில் மூன்று வாரம் இருந்தார்கள். அவளுக்கு நம்பர் எதுவும் மனப்பாடம் கிடையாது. எல்லாம் போனில் இருந்தது.

இனி மகாராஜபுரத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வெங்கடேஸ்வரிக்கு ஆவணி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரடங்குக் காலம், வீட்டோடு ஐம்பது பேருக்குச் சாப்பாடு. ஆடி இருபதில் பெய்ரூட் வெடித்தது. ஒரு வாரம் வெள்ளைத்தாயிடமிருந்து போன் இல்லை. குவைத்திலிருந்து எவனோ, "அந்தத் தெருவே இல்ல மாமா" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "சாவா பொழப்பான்னு ஒண்ணச் சொல்லிருங்க. தீட்டு இருக்கா இல்லையான்னு தெரியாத வீட்டுல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம்."

தூதரகத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ராணுவத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பதில் வர நாளாகும், ஆவணி காத்திருக்காது. செத்துவிட்டாள் என்று முடிவு செய்தால் காரியத்தைச் சுருக்கி முடித்துத் தீட்டைக் கழித்துவிடலாம். உயிரோடு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, அக்கா செத்தாள்.

ஆடி கழிவதற்குள் கருமாதி நடந்தது. பஸ் நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். வெளிநாட்டுப் படம் ஏதாவது போடுங்கள் என்றிருக்கிறார்கள். டிசைன் போட்டவர் வெள்ளைத்தாயின் பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னால் ஈபிள் கோபுரத்தை வைத்திருந்தார். "இது பெய்ரூட் இல்லையே" என்று நான்தான் சொன்னேன். அதைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அவள் செத்ததை யார் பார்த்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இலை போட்டார்கள், உட்கார்ந்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வெள்ளைத்தாய் யாரிடமோ தம்பி நம்பரையும் என் நம்பரையும் வாங்கி, முதலில் தம்பிக்குப் போன் போட்டாள். எடுத்தது கனகலட்சுமி.

"கனகு, நான் மதினி பேசுறேன்."

அங்கே ஒரு அலறல் கேட்டது. அவ்வளவுதான். அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அடுத்த போன் எனக்கு வந்தது. "ஞானம், எங்க வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா? ஏன் அலறுறாவ?"

நான் சொன்னேன். அந்தப் பக்கம் கண்ணாடி பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஊரே கண்ணாடி பெருக்கிக்கொண்டிருந்த நேரம். பிறகு கேட்டாள், "வடை போட்டானா?"

பிறகு மூன்று வருடம் அவள் அங்கேயே இருந்தாள். நொறுங்கிய வீட்டுக்கு மறுபடி சன்னல் வைத்து, ஒடெட் அம்மாளை அதே பால்கனியில் உட்காரவைத்து, கடைசிவரை பார்த்து, மண்ணில் வைத்துவிட்டு இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் ஊர் திரும்பினாள். அதற்குள் தம்பி வீட்டார் போனில் சமாதானமாகியிருந்தார்கள். ஒரு சங்கதியை மட்டும் சொல்லவில்லை. வெங்கடேஸ்வரிக்கு மூன்று வருடமாகப் பிள்ளை தங்கவில்லை. உயிரோடு இருப்பவளுக்குக் கருமாதி செய்த பாவம் என்று கனகலட்சுமி நம்பினாள். இப்போது ஏழாம் மாதம், தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அடுத்த வாரம் வளைகாப்பு. இந்த நேரத்தில் செத்தவள் வந்து நிற்கிறாள்.

மதுரை விமான நிலையத்திலிருந்து நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டி வத்திராயிருப்பு ரோட்டில் காரில் வரும்போது பிளவக்கல் மலையைப் பார்த்து, "மலை சரியான பக்கத்துல இருக்கு" என்றாள். வீட்டு முன்னால் இறங்கினோம். சோலைச்சாமி வாசல் நிலையில் நின்றான். தெருவில் இருபது பேர்.

"அக்கா, பெட்டிய வையி. பின்பக்கமா வா."

"ஏன்லே? முன்வாசல்ல பாம்பு கெடக்கா?"

"சொன்னாக் கேளுக்கா. ஜோசியர்ட்ட கேட்டாச்சு. காரியம் நடந்த ஆளு அப்படியே உள்ள வரக்கூடாதாம். புதுசாப் பொறந்துதான் வரணுமாம்."

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறினால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி, அடுத்த வீட்டுக்காரி தவிடு கொடுத்து விலைக்கு வாங்கி, குப்பை, பிச்சை என்று பேர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எமனுக்கு வேண்டாத பிள்ளையாகிவிடும் என்று கணக்கு. பிறந்த குழந்தைக்குச் செய்வதை அறுபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் செய்ய ஏற்பாடு செய்திருந்தார்கள். கொல்லையில் குப்பையைக் கூட்டிவைத்திருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் சுளகில் தவிட்டோடு நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மதினி, எம்புட்டு நேரம் ஆகப்போவுது?" என்றாள் கனகலட்சுமி. "ஒரு புரட்டு, ஒரு குளியல், அம்புட்டுதான்."

"புரட்டி எடுக்க நான் என்ன புரோட்டாவா?"

தெருவில் யாரோ சிரித்தார்கள். சோலைச்சாமிக்கு முகம் சிவந்தது.

"பேரு என்ன வைக்கப்போறிய?"

"குப்பம்மா" என்று செல்லத்தாய் மெதுவாகச் சொன்னாள். "சும்மா வீட்டுக்குள்ள மட்டும் கூப்பிட, தாயி."

வெள்ளைத்தாய் பெட்டி மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசினால் அவளுக்குக் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏலே சோலை, நான் பதினோரு வருசம் இருந்த ஊரு ஏழு தடவ அழிஞ்ச ஊருன்னு அங்க சொல்லுவாவ. ஏழோ எட்டோ, நான் எண்ணல. பூமி குலுங்கி அழிஞ்சிருக்கு, கடல் வந்து அழிஞ்சிருக்கு, அண்ணன் தம்பி சுட்டுக்கிட்டு அழிஞ்சிருக்கு. கடைசித் தடவ நானே உள்ள இருந்தேன். மறுநாள் விடிஞ்சதும் எல்லாரும் வாரியலத் தூக்கிட்டு வந்துட்டாவ. பழைய பேரையே எழுதிக் கடையத் தொறந்தாவ. ஊருக்குப் பேர மாத்து, குப்பையில புரட்டுன்னு எவனும் சொல்லல. நான் ஒரு தடவகூடச் சாகலயே, எனக்கு எதுக்குலே புதுப் பேரு?"

"ஊரு வேற, மனுசி வேறக்கா."

"ஆமா. ஊருக்குக் கருமாதி பண்ணா ஒன் மக கல்யாணம் நடக்காதுல்ல."

அவன் இரண்டு கையையும் நிலையில் அகலமாக ஊன்றிக்கொண்டான். "என் மக வயித்துப் பிள்ளைக்கு எதாவது ஆச்சுன்னா?" என்றான். பயம் நிஜம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் தப்பைக் கழுவ இன்னொருத்தியைக் குப்பையில் புரட்டுவது பயத்தில் சேராது.

வெள்ளைத்தாய் எழுந்து அவனிடம் போனாள். தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தள்ளவில்லை. அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவில் தன் வலது காலை வைத்தாள். முட்டியை லேசாக மடக்கினாள். இரண்டு கையையும் அவன் அக்குளுக்குக் கீழே கொடுத்து, தன் பக்கமாகச் சாய்த்து, ஒரு கால்வட்டம் திருப்பினாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நோயாளியை மாற்றுகிற முறை. தூக்குவதில்லை, அவர்களுடைய எடையே அவர்களைக் கொண்டுபோய்விடும். வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ராணுவ ஹவில்தார் அதில் பொத்தென்று உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.

கனகலட்சுமி ஒப்பாரி வைத்தாள். உள்ளேயிருந்து வெங்கடேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "அத்தை" என்றாள். உடனே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே மூன்று பேரும் வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடி போய்விட்டார்கள். "நீங்க ஏம்ல போறிய? நான் யாரையும் போகச் சொல்லல" என்று வெள்ளைத்தாய் மூன்று முறை சொன்னாள். கேட்கவில்லை. வளைகாப்பு கிருஷ்ணன்கோவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவளுக்குப் பத்திரிகை இல்லை. பெண் குழந்தை, மூன்று கிலோ, சுகப்பிரசவம். செத்தவள் நடமாடும் வீட்டைவிட்டு வந்ததால்தான் பிள்ளை தங்கியது என்று கனகலட்சுமி சொல்கிறாளாம். அவர்களிடம் எதற்கும் பதில் இருக்கிறது.

ரேஷன் கார்டில் அவள் பேரை எடுத்துவிட்டிருந்தார்கள். மறுபடி சேர்க்க நாலு முறை அலைந்தாள். உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். எதிரில் நிற்கிறேனே என்றாள், காகிதம் வேண்டும் என்றார்கள். காகிதம் வாங்கிக் கொடுத்தாள். இப்போது கார்டில் வெள்ளைத்தாய் என்றே இருக்கிறது, தனி ஆளாக. மகாராஜபுரத்தில் பக்கவாதத்தில் கிடக்கும் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வீடுகளில் முன்வாசல் வழியாகத்தான் போகிறாள். செய்ய ஆள் வேண்டும் என்றால் செத்தவள் வந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

போன பங்குனியில் சோலைச்சாமி வந்தான். நான் அன்று அங்கே இருந்தேன். வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றான். கையில் ஒரு பையில் கொஞ்சம் சப்போட்டா.

"உள்ள வா" என்றாள்.

அவன் வாசலைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான். காலை எடுத்து வைக்கவில்லை. அவள் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த வேலையை விடவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவன் பஸ்ஸுக்குப் போனான். நான் போய்ப் பையை எடுத்து வந்தேன். வெயிலில் இரண்டு பழம் கனிந்து நசுங்கியிருந்தது. நல்லதைப் பொறுக்கிக் கழுவி நாங்கள் தின்றோம்.