பிரேக்கைத்தான் மிதிச்சேன்

அரைக் கிளட்ச் மாஸ்டருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. வாயைத் திறந்தால் "அரைக் கிளட்ச்... அரைக் கிளட்ச்..." என்பார்; கிளட்ச்சைப் பாதி மட்டும் விடு என்று அர்த்தம். தூக்கத்திலும் அதையே சொல்வதாக அவர் மனைவி வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். மீதிப் பேர் ஓட்டுகிற லட்சணத்திலேயே அவர்கள் தன்னிடம் பழகவில்லை என்பது தெரிந்துவிடும் என்பது மாஸ்டரின் கட்சி.

ஆனால் ஒரு விசேஷம். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த மனிதர் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. காலையில் முதல் ஆள் அவர் வீட்டு வாசலுக்கே வந்து டிரைவர் சீட்டில் உட்காருவார். மாஸ்டர் பக்கத்து சீட்டில். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் வாயால் திட்டி, காலால் காப்பாற்றுவார். மனைவிக்குச் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் அன்றைய பாடம் 'நெரிசலில் ஓட்டுவது'. மச்சினியை ரயிலேற்ற வேண்டுமென்றால் 'மேம்பாலத்தில் ஏறி இறங்குவது'. கடைசி ஆள் சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். ராஜாக்களுக்கு ஒரே சாரதிதான்; மாஸ்டருக்கு மணிக்கு ஒருவர்.

அப்படிப்பட்டவரின் கார் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கி டிங்கரிங் பட்டறையில் கிடந்தால் ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்?

நடந்தது இதுதான். அதாவது, நடந்ததாக மாஸ்டர் நம்பியது இதுதான். அவரிடம் பழகிக்கொண்டிருந்த தையற்காரம்மாவுக்கு எல்லாம் வந்தது, ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. மைதானத்து மூலையில் வண்டி கோணல் மாணலாகப் போனதைப் பார்த்துப் பொறுக்காமல் மாஸ்டர், இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காருங்கம்மா. நான் ஓட்டிக் காட்டுறேன், பாருங்க."

அந்தம்மா மாஸ்டரின் சீட்டில் உட்கார்ந்தார். மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து ரிவர்ஸில் எடுத்தார். சுவர் நெருங்கியது. பிரேக்கை மிதித்தார். கார் நிற்பதற்குப் பதில் ஒரு உறுமல் உறுமிக்கொண்டு பாய்ந்து சுவரில் மோதியது. சாதாரணச் சுவர் இல்லை. 'பயமின்றி ஓட்டப் பழகுங்கள்' என்று மாஸ்டரே நீலத்தில் எழுதி வைத்திருந்த விளம்பரச் சுவர்.

தூசி அடங்கியதும் மாஸ்டர் கேட்டார்: "எதையாவது மிதிச்சீங்களா?"

தையற்காரம்மா குனிந்து பார்த்தார். அவர் வலது கால் ஒரு பெடலின் மேல் இருந்தது. எப்போது போனது, ஏன் போனது, அவருக்கே தெரியவில்லை.

"ஐயோ... ஆமா மாஸ்டர். கால் இது மேலதான் இருக்கு."

"பரவால்ல, பரவால்ல" என்றார் மாஸ்டர் பெருந்தன்மையாக. அடுத்தவர் தப்பை மன்னிப்பதில் இருக்கிற சுகம் தனி.

தையற்காரம்மா மறுநாளிலிருந்து வரவில்லை. பள்ளிக்கூடச் சீருடைகளை மூட்டை மூட்டையாக ஏற்றிப் போக அவர் ஒரு பழைய வேன் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். லைசென்ஸ் வந்ததும் ஓட்டுவதாக இருந்தது. "என் காலே எனக்கு எதிரியாயிடுச்சு, வேனை வித்துடுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாராம். கேட்டபோது மாஸ்டருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. என்னவென்றுதான் புரியவில்லை. நான்தான் மன்னித்துவிட்டேனே, இன்னும் என்ன?

மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"அந்தம்மா எதை மிதிச்சாங்க?" என்றார் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

"எதையோ மிதிச்சாங்க."

"எதையோன்னா?"

"உனக்கு வண்டியைப் பத்தி என்னடி தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா நீங்க ஓட்டி இன்னைக்கு வரைக்கும் நான் பார்த்ததில்ல. அதுதான் கேட்டேன்."

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே பட்டறைக்குப் போனார்.

பட்டறை முழுக்கத் தின்னர் வாசனை. கதவில்லாத கார் ஒன்று, முகமில்லாத கார் ஒன்று, காகிதம் ஒட்டிக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஒன்று. மாஸ்டரின் காருக்கு நசுங்கலை இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட்டும் அடித்தாகிவிட்டது. பட்டறைக்காரரும் மாஸ்டரிடம் பழகியவர்தான். அந்தக் காலத்தில் வாங்கிய திட்டை இப்போது வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர். பழைய பம்பரைத் தூக்கிப் போடல, பத்திரமா வெச்சிருக்கேன். உங்க விளம்பரம் அதுல அப்படியே ஒட்டியிருக்கு பாருங்க. 'பயமின்றி'ல பாதி வந்திடுச்சு. 'பய' மட்டும்தான் இருக்கு."

"கிண்டல் இருக்கட்டும். பிரேக்கைப் பார்த்தியா?"

"நான் பார்த்தேன், பிரேக் வேலை செய்யிறவரும் பார்த்தாரு. குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை."

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்."

"சரி மாஸ்டர்."

"பிரேக்கும் நல்லா இருக்குங்கிறே."

"ஆமா மாஸ்டர்."

"அப்ப வண்டி ஏன் நிக்கல?"

"அதை வண்டிகிட்டதான் கேட்கணும். இதுகிட்ட நான் இத்தனை நாளா பேசிப் பார்த்துட்டேன், வாயைத் திறக்க மாட்டேங்குது."

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தரை சரிவோ? சரிவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டதோ? அன்று ஷூ. பிரேக் சரி, தரை சரி, நானும் சரி. எல்லாரும் சரியாக இருந்தால் சுவரில் மோதியது யார்? சுவர்தான் வந்து மோதியிருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் காரைப் பட்டறை முற்றத்துக்கு எடுத்து நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைக்கவில்லை, பேட்டரி படுத்துவிட்டதாம். பின்னால் போய்ப் புதிதாகப் பொருத்திய விளக்குகளுக்கு எதிரே குந்தினார்.

"மாஸ்டர், உக்காந்து பிரேக்கை மிதிங்க. லைட்டு எரியுதான்னு பார்க்கணும்."

மாஸ்டர் போய் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில். கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருந்தார்.

"மாஸ்டர், யாரு வந்து ஓட்டுவாங்கன்னு உக்காந்திருக்கீங்க? டிரைவர் சீட்டுக்கு வாங்க, அந்தப் பக்கத்து பிரேக்கை அப்புறம் பார்க்கலாம்."

மாஸ்டர் இடம் மாறி உட்கார்ந்து, சுவரையும் பம்பரையும் நினைத்தபடியே மிதித்தார்.

கார் 'உர்ர்ர்' என்று அலறியது.

"பிரேக்கு மாஸ்டர்! பிரேக்கு!"

"பிரேக்கைத்தான்யா மிதிக்கிறேன்!"

இன்னும் அழுத்தினார். இன்னும் அலறியது. மாஸ்டர் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது கோடியில் இருந்தது கால். அது ஆக்சிலேட்டர். இத்தனை வருஷமாக அவர் உட்கார்ந்த சீட்டில் இரண்டே பெடல். வலது கோடியில் இருப்பது பிரேக். அவர் கால் தன் பிரேக் இருந்த இடத்துக்கு ஒழுங்காகப் போயிருக்கிறது. சீட்டுத்தான் வேறு.

மாஸ்டர் தையற்காரம்மாவைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

"அம்மா, வேனை வித்துட்டீங்களா?"

"சாயங்காலம் ஆள் வராங்க மாஸ்டர்."

"விக்காதீங்க. உடனே பட்டறைக்கு வாங்க. காரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்."

தையற்காரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார், கழுத்தில் அளவு நாடா தொங்க.

"அன்னைக்கு மிதிச்சது நான்தாம்மா" என்றார் மாஸ்டர்.

"சும்மா என்னைத் தேத்தாதீங்க மாஸ்டர். என் கால் இருந்ததை நானே பார்த்தேனே."

"தேத்தலம்மா, நிஜம்! இப்பவே காட்டுறேன் பாருங்க." டிரைவர் சீட்டில் ஏறி மிதித்தார். பின்னால் சிவப்பாக விளக்கு எரிந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி எரிந்தது. தப்பாக மிதிக்க வேண்டும் என்று நினைக்கிற நேரம் பார்த்து அந்தக் கால் ஒழுக்கசீலனாகிவிட்டது.

"லைட்டு ஜோரா எரியுது மாஸ்டர்!" என்றார் பட்டறைக்காரர் பின்னாலிருந்து, உதவியாக.

தையற்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நீங்க நல்ல மனுஷர் மாஸ்டர். எனக்காகப் பொய் சொல்றீங்க."

உண்மையைச் சொன்னால் நல்லவன் பட்டம் கிடைக்கும் என்று மாஸ்டருக்குத் தெரியாது. அதுவும் வேண்டாத நேரத்தில். தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இங்க உக்காருங்க. அன்னைக்கு உக்காந்த மாதிரியே. இப்ப வண்டியைப் பாயவிடுங்க, பார்க்கலாம். எதை மிதிக்கணுமோ மிதிங்க."

தையற்காரம்மா உட்கார்ந்து குனிந்தார். காலால் துழாவினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதைத் தேடினார். தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வெறும் தகரம்.

"இங்க ஆக்சிலேட்டரே இல்லையே மாஸ்டர்."

"இல்லம்மா. அதுல நீங்க எதை மிதிச்சாலும் வண்டி வேகம் எடுக்காது. அன்னைக்கு நீங்க முன்னாடியே மிதிச்சிருந்தீங்கன்னா சுவரு தப்பிச்சிருக்கும்."

தையற்காரம்மாவின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. இரண்டாவதாக வந்ததைப் பார்த்துப் பட்டறைக்காரர் உப்புத்தாளோடு கார் மறைவுக்குப் போய்விட்டார்.

"அப்ப நான் சோறு தண்ணி இறங்காம கிடந்தது?"

"அம்மா..."

"மிஷின் மிதிக்கக்கூட பயந்து சீருடையெல்லாம் அப்படியே கிடக்கு! பரவால்ல, பரவால்லன்னீங்க! என்ன பரவால்ல?"

"எனக்கே தெரியாதும்மா. சத்தியமா நான் பிரேக்கைத்தான்..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டார்.

தையற்காரம்மா புருஷனைக் கூப்பிட்டு, "வேன் எங்கயும் போகாது, வந்தவரைத் திருப்பி அனுப்புங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். பிறகு காரைச் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்துக் கதவில் கை வைத்தார்.

"அங்க வேண்டாம் மாஸ்டர். பின்னாடி."

"பின்னாடி பெடல் இல்லையேம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

மாஸ்டர் பின்சீட்டில் உட்கார்ந்தார். புது பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. ரிவர்ஸில் எடுத்தாக வேண்டும். பின்னால் பட்டறையின் இரும்புக் கேட். கார் மெல்லப் பின்வாங்கியது. கேட் நெருங்கியது. மாஸ்டரின் வலது கால் தானாக எழுந்து தரை விரிப்பை ஓங்கி மிதித்தது.

கார் நின்றது.

மாஸ்டர் கண்ணாடியில் தெரிந்த தையற்காரம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். எந்தக் கால் நிறுத்தியது என்று அவருக்கு அரை நிமிஷம் நிஜமாகவே விளங்கவில்லை.

"அரைக் கிளட்ச்..." என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும், சும்மா உக்காருங்க" என்றது முன்சீட்டு.