பாறைக்கடியில் இருந்த நீலப் பீப்பாய்

பீப்பாயின் மூடியை இறுக்கும் இரும்பு வளையத்தின் கைப்பிடி வெளிப்பக்கம் பார்த்திருந்தது. நோலா அதை எப்போதும் பாறைப்பக்கமாகத் திருப்பித்தான் வைப்பாள். அப்படி வைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. கியா என்னும் குறும்புக்கார மலைக்கிளிகள் அலகால் நெம்பினாலும் பிடி கிடைக்கக் கூடாது என்று அவளாகப் பழக்கிக்கொண்டது.

டெஸ் இன்னும் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். தார்ப்பாய், இரண்டு ஸ்லீப்பிங் பேக், கரி படிந்த கெட்டில், கயிறு, கைக்கோடரி எல்லாம் இருந்தன. ஆனால் தேயிலை குறைந்திருந்தது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள், கனம் இல்லை. கல் அடுப்பின் சாம்பலைக் குச்சியால் கிளறினாள். தைல டப்பி ஒன்று கிடந்தது. டெஸ் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம். போன தடவை கிளம்பும்போது அடுப்பைக் கூட்டி அள்ளியது அவள்தான்.

டெஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நடுவுல இங்க வந்தியா?" என்று கேட்டாள், வேறு ஏதோ கேட்பதுபோல.

"நானா? உன்ன விட்டுட்டா? இந்த முழங்கால வச்சுக்கிட்டா? நல்லா கேட்ட போ."

அவள் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நோலா டப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

டெஸ் அவளுடைய அக்காள் மேவிஸின் கணவர். மான்கள் பெருகிக் காட்டை மொட்டையடித்த அந்தக் காலத்தில் அரசாங்கச் சம்பளத்துக்கு மான் சுட்டு மலை மலையாகத் திரிந்தவர். மேவிஸ் இறந்துபோன பிறகு, வீட்டில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், இருவரும் வைரேகா ஆற்றின் மேல்பக்கத்துக்கு வேட்டைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நோலா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரம் அறுக்கும் மில்லின் சமையல்கட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். மேசைக்கு மேசை தட்டு வைத்துக்கொண்டே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப் பழகியவள். பிறகு கடற்கரைச் சாலையில் தபால் வண்டி ஓட்டினாள், இன்னும் ஓட்டுகிறாள். யார் வாசலில் யார் வண்டி நிற்கிறது என்று பார்க்காமல் அவளால் ஒரு பெட்டியில்கூடத் தபால் போட முடியாது. வாய் திறந்து பேசுவதுதான் குறைவு.

இடுப்பு எலும்பை மாற்றிய பிறகு அவளால் பெரிய மூட்டை தூக்க முடியவில்லை. கூடாரமும் படுக்கையும் அடுப்பும் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுவது முடிந்துபோன கதை. அதற்காகத்தான் பீப்பாய். தொங்கும் பாறைக்கடியில், ஓடையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, பெரணிச் செடிகளுக்குப் பின்னால் அது வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கும். ரொட்டியும் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு கை வீசிப் போகலாம். அது போய்விட்டால் அவளுக்கு அந்தப் பள்ளத்தாக்கும் இல்லை, குளிர்காலத்துக்கு இறைச்சியும் இல்லை.

காட்டில் சாமான் ஒளித்து வைப்பது சட்டத்துக்குப் பொருந்தாத காரியம். அதனால் இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை விட்டு ஒருவர் வருவதில்லை என்பது பேச்சு.

அந்தக் கோடைப் பயணத்தில் டெஸ் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. மேட்டில் நல்ல கொம்புள்ள மான் ஒன்று நின்றபோதும், "நீயே சுடு, எனக்கு ஆச இல்ல" என்றார். நோலாவுக்கு அதுவும் உறுத்தியது. நாற்பது வருஷமாக ஆசை இருந்த மனிதர். யாருக்காக மிச்சம் வைக்கிறார்?

வீடு திரும்பிய பிறகு தபால் வண்டியிலிருந்து அவர் வாசலைக் கவனித்தாள். பிரெண்டனின் வண்டி நின்றது. அடுத்த வாரமும் நின்றது. பிரெண்டன் வெளிநாட்டுக்காரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி வேட்டைக்கு அழைத்துப்போகிறவன். நல்ல மான் எங்கே நிற்கிறது என்று காட்டுகிறவன் கையில் பணத்தைத் திணிப்பான் என்று ஊருக்கே தெரியும். டெஸ்ஸின் பிக்கப் வண்டியோ கொட்டகையை விட்டு நகரவே இல்லை. பிரெண்டன் வண்டியில் போகிறார், வருகிறார். அவளைப் பார்த்தால் கையாட்டுவதுகூட இல்லை.

நோலா தனியாக மலைக்குப் போய்ப் பார்த்தாள். கடைசி ஆற்றுத்திட்டைத் தாண்டியதும் மரக்கிளையில் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. காட்டுப் பறவைகளைக் காக்க எலிப்பொறி வைக்கிறவர்கள் வழி அடையாளத்துக்குக் கட்டும் நாடா. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. பச்சைக் குழந்தைகூட வழி தவறாது, அவ்வளவு நெருக்கம். நாடாக்கள் நேராகப் பாறைக்கே போய் நின்றன.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விற்றுவிட்டார். அக்காள் இருந்திருந்தால் இப்படிச் செய்வாரா?

பீப்பாயை உருட்டியும் இழுத்தும், இடுப்பு கதறக் கதற, பாறைக்கு மேலே செங்குத்தான சரிவில் ஒரு பிளவுக்குள் கொண்டுபோய்ச் செருகினாள். பெரணியை இழுத்து மூடினாள். இறங்கும்போது நாடாக்களை ஒன்று விடாமல் அவிழ்த்துப் பைக்குள் திணித்தாள். டெஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆள்களைக் கூட்டிக்கொண்டு வந்து வெறும் பாறையைக் காட்டட்டும், அப்போது தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆண் மான்கள் இணை தேடிக் கத்தும் மாதம் வந்தது. கூடவே மழையும் வந்தது. இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், தபால் போடப் போன இடத்தில் பிரெண்டன் டீசல் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன நோலா, நீ போகலியா? நேத்து காலைல அவர மலையடில ரோடு முடியற எடத்துல இறக்கி விட்டேன். உன்னோடதான் போறார்னு நெனச்சேன்."

"யாரு?"

"யாரா? டெஸ்தான். ஒரு ரொட்டி, ஒரு துப்பாக்கி. எல்லாம் மேல இருக்குன்னார்."

நோலா தபால் கட்டைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியாதா மேல எங்கன்னு? நீதானே வாங்கின?"

"என்னத்த வாங்கினேன்? அவர் என்கிட்ட இடம் சொல்லுவாரா? கொன்னாலும் சொல்ல மாட்டார், கெழட்டுக் கழுகு." பிரெண்டன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "கண்ணு போயிடுச்சுன்னு வண்டி ஓட்றத நிறுத்திட்டாரே, அதான் நான் கூட்டிட்டுப் போறேன். உன்கிட்ட சொல்லலியா? நடுவுல நெறைய தடவ கொண்டு விட்டிருக்கேன். கால் பழகணும், கால் பழகிட்டா கண்ணு எதுக்குன்னுவார்."

பைக்குள் திணித்த நாடாக்கள் ஒவ்வொன்றாக நினைவில் அவிழ்ந்தன.

பிரெண்டனும் உடன் வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். அந்த நிலையிலும் இடத்தை அவனுக்குக் காட்ட மனம் வரவில்லை. பிறகு, வண்டியில் ஏறிக்கொண்டே, "சாயங்காலம் இருட்டறதுக்குள்ள நான் ரோடு முடியற எடத்துக்கு வரலன்னா ஆள் கூட்டிக்கிட்டு வா. ஆத்தோட இடப்பக்கமே வா" என்றாள். அவ்வளவு சொல்வதற்கே அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

மான்கள் மலையின் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தன. ஈரமான காட்டுக்குள் புகுந்ததும்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கண் தெரியாத ஒருவர் கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். செடிகளை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று வருகிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த மாதத்தில் எங்காவது ஒருவன் கூட வந்தவனையே மான் என்று சுட்டுவிடுகிறான், கண் நன்றாகத் தெரிந்தவனே. மான் வேட்டையில் வாயைத் திறப்பது பாவம் என்று வளர்ந்தவள், குரலெடுத்துக் கத்த ஆரம்பித்தாள்.

"டெஸ்! நான்தான்! நோலா! சுட்டுத் தொலைக்காதே!"

கத்திக்கொண்டே போனாள். தொண்டை கம்மியது. மான்கள் அடங்கிப்போயின.

பாறைக்கு எட்டாமல், ஓடைக்கு இந்தப் பக்கமே, ஒரு மரத்தின் வேரில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கை விரல்கள் சுருண்டிருந்தன. துப்பாக்கி மடியில்.

"மூணு மைல் தூரத்துல இருந்த மானையும் வெரட்டிட்ட" என்றார். வார்த்தை குளறியது.

அவள் முதலில் துப்பாக்கியை எடுத்தாள். தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுத்துப் பார்த்தாள். காலி. அவர் கோட்டுப் பைகளைத் துழாவினாள். அவற்றிலும் ஒன்றும் இல்லை.

"தோட்டா கொண்டு வரல" என்றார் டெஸ். "சுடறத கோடையிலயே விட்டாச்சு. துப்பாக்கி இல்லாம கெளம்பினா பிரெண்டன் நூறு கேள்வி கேப்பான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேட்டைக்கு வேற ஆளப் பாத்திருப்ப."

நோலா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவருக்குச் சுற்றினாள்.

"நான் கட்டின நாடாவெல்லாம் காத்துல போயிடுச்சு போல" என்றார் அவர். "ஒண்ணுகூட கைக்குத் தட்டுப்படல. தடவித் தடவி ஓட வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல காலுக்குத் தெரியல. பீப்பாய் பத்தடியில இருக்குன்னு தெரியுது, எந்தப் பக்கம்னு தெரியல. ராத்திரி முழுக்க அதே நெனப்புதான்."

"எந்தப் பக்கமும் இல்ல" என்றாள் நோலா. "நான் மாத்திட்டேன். நாடாவையும் நான்தான் அவுத்தேன்."

மழைச்சொட்டு மரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. டெஸ் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஏன்?"

"பிரெண்டனுக்கு வித்துட்டன்னு நெனச்சேன்."

அவர் உடம்பு நடுங்க நடுங்க, "அந்தப் பயலுக்கா? அவனுக்கு நான் உருளைக்கெழங்கே விக்க மாட்டேனே" என்றார். அதில் சிரிப்பு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரி என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தவள்.

சரிவில் ஏறி, பிளவிலிருந்து பீப்பாயை இழுத்துப் போட்டாள். கீழே உருட்டிவிட்டாள். அது பெரணிகளை நசுக்கிக்கொண்டு, பெரிய சத்தத்தோடு பாறைக்குக் கீழே வந்து நின்றது. டெஸ்ஸைத் தோளில் தாங்கி ஓடையைக் கடத்திக் கொண்டுவந்தாள். இரண்டு ஸ்லீப்பிங் பேக்கையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அவரை உள்ளே விட்டாள். கல் அடுப்பில் தீ மூட்டினாள், கெட்டில் கொதித்தது. தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். விரல்களில் மெல்ல நிறம் திரும்பியது.

"உன் துப்பாக்கி லைசென்ஸத் திருப்பிக் குடுத்துடு" என்றாள்.

"குடுப்பேன்."

"நான் கூட வருவேன்."

"என்ன நம்பலியா?"

"இல்ல."

"சரி வா."

இருட்டுவதற்குள் சாலை முடியும் இடத்துக்குப் போய் பிரெண்டனுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊரே ஏறி வந்துவிடும். அவரை இப்போது நடத்திக் கூட்டிப்போக முடியாது. தான் மட்டும் இறங்கிச் சொல்லிவிட்டு, விடிந்ததும் திரும்பி வருவதாகச் சொன்னாள். துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்டது.

அவள் பையை மாட்டிக்கொண்டிருக்கும்போது டெஸ் கை நீட்டிப் பீப்பாயைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே கை விட்டு ஒவ்வொரு சாமானாகத் தடவி வெளியே எடுத்து வைத்தார். கயிறு. கோடரி. மெழுகுவர்த்தி. மாவு டப்பா. கடைசியில் கையை அடி வரைக்கும் விட்டுத் துழாவினார்.

"வெண்ணெ டின் ஒண்ணு கொறையுதே."

பீப்பாயை மேலே இழுத்த அன்று பசி தாங்காமல் அவள்தான் திறந்து தின்றிருந்தாள்.

"எலி" என்றாள்.

"டின்னோடயா?"

நோலா கெட்டிலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு இறங்க ஆரம்பித்தாள். பின்னால் அவர் சாமான்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ணிப்பார்க்கும் சத்தம், ஓடை வரைக்கும் கேட்டது.